கார் ரேஸ் அணிக்குப் படியளப்பது யார்?

ரேஸ் உலகத்தில் ஒரு பழைய ஜோக் உண்டு. "கார் பந்தயத்தில் ஒரு சின்ன சொத்து சேர்ப்பது எப்படி?" என்று ஒருவன் கேட்டானாம். "பெரிய சொத்தோடு உள்ளே வா, தானாகச் சின்னதாகிவிடும்" என்று பதில் வந்ததாம்.

சிரித்தாகிவிட்டதா? சரி, மேட்டருக்கு வருவோம்.

டிவியில் ஃபார்முலா 1 பார்த்துவிட்டு நாம் ஒரு படத்தை மனதில் வைத்திருக்கிறோம். திறமையான பையன் ஒருவன் இருப்பான். அவனை ஓர் அணி கண்டுபிடிக்கும். கம்பெனிகள் காரில் ஸ்டிக்கர் ஒட்டிக் காசு கொடுக்கும். அவன் ஓட்டுவான், ஜெயிப்பான். உச்சியில் இருக்கும் சில நூறு பேருக்கு இந்தப் படம் ஓரளவு சரி. அதற்குக் கீழே, உலகம் முழுக்க வார இறுதிகளில் ஓட்டுகிற ஆயிரக்கணக்கான அமெச்சூர் ஓட்டுநர்களுக்கு இந்தப் படம் தலைகீழ். அங்கே அணி ஓட்டுநருக்குக் காசு கொடுப்பதில்லை. ஓட்டுநர்தான் அணிக்குக் கொடுக்கிறார். அவர்தான் வாடிக்கையாளர். அணி என்பது ஒரு சர்வீஸ் கடை.

இதை யாரும் மறைத்து வைக்கவில்லை. ஆனால் தொடங்கும்போது யாரும் உரக்கச் சொல்வதும் இல்லை. சொல்லாததால் நடுத்தரக் குடும்பங்கள் நட்டப்படுகின்றன என்பதுதான் என் ஆதங்கம்.

கிளப்பில் தொடங்கிய கதை

அமெச்சூர் பந்தயம் எல்லா ஊரிலும் கிளப்பாகத்தான் தொடங்கியது. இங்கிலாந்தில் 750 மோட்டார் கிளப் 1939-ல் வந்தது. ஆஸ்டின் 7 என்ற மலிவான சின்னக் காரை வைத்திருந்தவர்களின் சங்கம் அது. லோட்டஸ் கம்பெனியைத் தொடங்கிய காலின் சாப்மன் அந்த வட்டத்தில் வளர்ந்தவர். அமெரிக்காவில் எஸ்.சி.சி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் கார் கிளப் 1944-ல் வந்தது. நம்ம ஊரில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் வந்தது. சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியவர்கள், பிறகு இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக டிராக் போட்டு 1990-ல் திறந்தார்கள்.

கிளப் என்றால் என்ன அர்த்தம்? பந்தயம் நடத்தும் செலவை அதில் ஓட்டுபவர்களே பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். கொடி அசைக்கும் மார்ஷல்களில் பெரும்பாலோர் ஆசைக்காக வருபவர்கள். வெயிலில் நாள் முழுக்க நிற்கும் அவர்களுக்குச் சம்பளம் போட்டால் நுழைவுக் கட்டணம் எங்கேயோ போய்விடும். டிக்கெட் விற்று, டிவி உரிமை விற்று வருமானம் பார்ப்பது கிளப் பந்தயத்தில் நடக்காத காரியம். பார்க்க வருவது ஓட்டுநரின் சித்தப்பாவும் நாலு நண்பர்களும்தான் :-)

ஆக, வெளியிலிருந்து வரும் காசு மிகக் குறைவு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒரு அணியின் கணக்கு நோட்டு

ஒரு சின்ன அணி எப்படி ஓடுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த எண்கள் புரிவதற்காக நானே வைத்துக்கொண்டவை, எந்த அணியின் உண்மைக் கணக்கும் அல்ல.

அணியிடம் நான்கு கார்கள். ஆண்டுக்கு ஐந்து பந்தய வார இறுதிகள். ஷெட் வாடகை, இரண்டு மெக்கானிக் சம்பளம், கார் ஏற்றிப் போகும் லாரி என்று ஆண்டுக்கு நிலையான செலவு 20 லட்சம். இது போக, ஒரு கார் ஒரு வார இறுதிக்கு ஓட டயர், பெட்ரோல், நுழைவுக் கட்டணம், சாப்பாடு என்று 50 ஆயிரம்.

நான்கு கார், ஐந்து வாரம் என்றால் விற்பதற்கு 20 சீட். 20 லட்சத்தை 20 சீட்டால் வகுத்தால் சீட்டுக்கு ஒரு லட்சம். அதோடு 50 ஆயிரம் சேர்த்தால் அடக்கவிலை ஒன்றரை லட்சம். முதலாளி ஒன்றே முக்கால் லட்சத்துக்கு விற்கிறார். 20 சீட்டும் விற்றால் ஆண்டு லாபம் 5 லட்சம்.

இப்போது ஒரு காருக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை என்று வையுங்கள். விற்றது 15 சீட். வரவு 26.25 லட்சம். செலவு 20 லட்சமும் 7.5 லட்சமும் சேர்ந்து 27.5 லட்சம். நட்டம் ஒன்றே கால் லட்சம்! ஒரே ஒரு கார் காலியாக நின்றதற்கு ஐந்து லட்சம் லாபம் போய், கையிலிருந்தும் போகிறது.

இந்தச் சின்னக் கணக்கிலேயே அமெச்சூர் பந்தயத்தின் பாதி ரகசியம் இருக்கிறது. நாலாவது சீட்டை நிரப்பியாக வேண்டும் என்பதுதான் முதலாளியின் தூக்கத்தைக் கெடுக்கும் கவலை. அந்தச் சீட்டில் உட்காருபவன் திறமைசாலியா என்பது இரண்டாவது கேள்வி. அவனால் கட்ட முடியுமா என்பதே முதல் கேள்வி. இதில் முதலாளி கெட்டவர் என்று அர்த்தம் இல்லை. மெக்கானிக்குக்கு ஒன்றாம் தேதி சம்பளம் கொடுக்க வேண்டியவர் அவர்.

இன்னொரு விஷயம். பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பும் சீட் காலி என்றால், 50 ஆயிரத்துக்கு மேல் எவ்வளவு கிடைத்தாலும் முதலாளிக்கு லாபம்தான். அதனால்தான் கடைசி நேரப் பேரம் இந்தத் தொழிலில் நடக்கிறது. காசு குறைவான, ஆனால் வேகமான பையன்கள் பல சமயம் இப்படித்தான் உள்ளே வருகிறார்கள். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் நான் சேர்க்காத ஒன்று இருக்கிறது. விபத்து. நாம் ரோட்டில் ஓட்டும் காருக்கு எடுக்கும் சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பயன்படுத்தினால் செல்லாது என்று அதிலேயே எழுதியிருக்கும். ஆகவே டிராக்கில் காரை இடித்தால் அந்தச் செலவு யாரோ ஒருவர் பாக்கெட்டிலிருந்து வர வேண்டும். பெரும்பாலும் ஓட்டுநரின் பாக்கெட்டிலிருந்து. "சீசனுக்கு இவ்வளவு" என்று சொல்லும் விலையில் இது இருக்காது.

பாதுகாப்புச் சாமான்களையும் மறக்கக் கூடாது. சர்வதேச அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் சான்று பெற்ற சீட் பெல்ட்டுக்குச் சுமார் ஐந்து ஆண்டுதான் ஆயுள். நீங்கள் நூறு பந்தயம் ஓட்டினாலும் சரி, காரை ஷெட்டிலேயே வைத்திருந்தாலும் சரி, தேதி முடிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். பால் பாக்கெட் மாதிரி!

ஸ்பான்ஸர் என்னும் மாயமான்

"அதான் ஸ்பான்ஸர் இருக்காங்களே" என்பீர்கள். அமெச்சூர் அளவில் ஸ்பான்ஸர் என்று காரில் ஒட்டியிருக்கும் பெயர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, ஓட்டுநரின் சொந்தக் கம்பெனி. அல்லது அப்பா, மாமனார் கம்பெனி. விளம்பரச் செலவு என்று கணக்கெழுத முடிகிறது என்பதால் இது ஒரு சௌகரியம்.

இரண்டாம் வகை, பொருள் கொடுப்பவர்கள். டயர் கம்பெனி, ஆயில் கம்பெனி, உதிரி பாகக் கம்பெனி. ரொக்கம் வராது. தள்ளுபடி வரும், அல்லது ஸ்டிக்கர் ஒட்டி ஜெயித்தால் கூப்பன் வரும். அமெரிக்காவில் மஸ்டா கம்பெனி தன் காரை ஓட்டும் கிளப் ஓட்டுநர்களுக்குக் குறைந்த விலையில் உதிரி பாகம் தருவது இந்த ரகம். அவர்களுக்கு அது தர்மம் அல்ல, தன் கார் ஓடிக்கொண்டே இருப்பதற்கான முதலீடு.

மூன்றாம் வகைதான் உண்மையான வெளி ஸ்பான்ஸர். அவரும் டிவியில் தெரிவதற்காக வருவதில்லை. தன் வியாபாரக் கூட்டாளிகளை டிராக்குக்கு அழைத்து வந்து, பிட்டில் உட்காரவைத்து, சாப்பாடு போட்டு, ஒரு ரவுண்டு காரில் ஏற்றி அனுப்புவார். அப்போது பேசி முடிக்கும் ஆர்டரில்தான் அவருக்குப் பலன். அதாவது இங்கே அணி விற்பது விளம்பரம் இல்லை, விருந்து.

நம்ம ஊர் உதாரணம் பாருங்கள். தமிழ்நாட்டில் பந்தயத்துக்குப் பல ஆண்டுகளாகக் காசு போட்டவர்கள் யார்? சென்னையின் எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனி. கோயம்புத்தூரின் எல்.ஜி.பி. என்ற செயின் கம்பெனி. அதன் பெயரிலேயே ஃபார்முலா எல்.ஜி.பி. ஓடியது. வெளியூரிலிருந்து ஜே.கே. டயர். எல்லாமே வண்டியோடு தொழில் ரீதியாகத் தொடர்புள்ளவை. ஜவுளிக்கடையும் நகைக்கடையும் ஏன் வரவில்லை? அவர்களின் வாடிக்கையாளர் இருங்காட்டுக்கோட்டைக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

இதிலும் கவனியுங்கள். இந்தக் கம்பெனிகள் பெரும்பாலும் காசு போட்டது போட்டித் தொடருக்கு. தனி அணிக்கோ தனி ஓட்டுநருக்கோ வந்தது அதில் கொஞ்சம்தான். கோவையின் கரிவரதன் 1980களின் பிற்பகுதியில் மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினாரே, அது ஒரு மில் குடும்பத்து மனிதரின் சொந்த ஆசையும் சொந்தக் காசும். அவர் 1995-ல் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் வந்த டிராக்குக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். நரேன் கார்த்திகேயன் தொடங்கியது அந்த மாருதி காரில்தான். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1 போனபோது டாடா குழுமம் பின்னால் நின்றது. அதற்கு முன்பான ஆண்டுகளில், ராலி ஓட்டிய ஓர் அப்பா பின்னால் நின்றார். அந்த முதல் படி எல்லாருக்கும் கிடைக்காது.

கனவான்கள் தாங்கும் கூரை

இதற்கு மேல்மட்டத்தில் இன்னும் வேடிக்கை. எஃப்.ஐ.ஏ. ஓட்டுநர்களை பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ் என்று நான்கு தரமாகப் பிரிக்கிறது. பிரான்ஸ் என்றால் பெரும்பாலும் வேறு தொழிலில் சம்பாதித்து, ஆசைக்கு ஓட்டுபவர். 'ஜென்டில்மேன் டிரைவர்' என்று மரியாதையாகச் சொல்வார்கள். 2024 முதல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தின் ஜி.டி.3 பிரிவில் ஒவ்வொரு காரிலும் ஒரு பிரான்ஸ் ஓட்டுநர் கட்டாயம்.

மெதுவான ஆளை ஏன் கட்டாயமாக்க வேண்டும்? ஏனென்றால் செலவின் பெரும்பகுதி அவரிடமிருந்துதான் வருகிறது. அவர் காசில்தான் கூட ஓட்டும் தொழில்முறை ஓட்டுநருக்கும், இன்ஜினியருக்கும், டயர் மாற்றும் பையனுக்கும் சம்பளம். அவரை அவமானப்படுத்தாமல் ஒரு மரியாதையான இடம் கொடுத்திருக்கிறது விதி. நல்ல ஏற்பாடுதான் என்று நான் நினைக்கிறேன்.

நமக்குத் தெரிந்த உதாரணம் அஜித்குமார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் வந்தபோது ஊரே கொண்டாடியது. ஆனால் அந்த அணி பெல்ஜியத்தின் ரெட் ஆன்ட் என்ற ரேஸிங் நிறுவனத்தோடு சேர்ந்து இயங்கியது என்பதை எத்தனை பேர் கவனித்தோம்? பெயரும் முகமும் ஒருவருடையது. டிராக்கில் காரை ஓட வைக்கும் தொழில் இன்னொருவருடையது. தலயின் உழைப்பையும் தைரியத்தையும் இது குறைக்கவில்லை, ரசிகப் பெருமக்கள் சண்டைக்கு வர வேண்டாம் :-) ஆனால் அவர் சினிமாவில் சம்பாதித்துவிட்டு அங்கே போனவர். அதைப் பார்த்து "நானும்" என்று கிளம்புகிற இருபது வயதுப் பையனிடம் சினிமா மார்க்கெட் இல்லை.

தொழிலா, பொழுதுபோக்கா?

அமெரிக்க வருமானவரித் துறை இந்தக் கேள்வியை நேராகவே கேட்கிறது. நிறைய பேர் தங்கள் ரேஸ் செலவை 'பிசினஸ் நட்டம்' என்று காட்டி, மற்ற வருமானத்தில் கழித்துக்கொள்ளப் பார்ப்பார்கள். அதைத் தடுக்க அங்கே ஒரு விதி உண்டு. ஐந்து ஆண்டில் மூன்று ஆண்டாவது லாபம் காட்டினால், அது லாப நோக்கமுள்ள தொழில்தான் என்று முதலில் எடுத்துக்கொள்வார்கள். காட்ட முடியாவிட்டால், தொழில் மாதிரி நடத்தினாய் என்பதை நீ நிரூபிக்க வேண்டும். கணக்குப் புத்தகம் வைத்திருந்தாயா, நட்டம் வந்தபோது முறையை மாற்றினாயா, இல்லை சும்மா ஜாலிக்கு ஓட்டினாயா?

வரிக்காக வந்த கேள்விதான். ஆனால் ஒவ்வொரு அமெச்சூர் ஓட்டுநரும் கண்ணாடி முன் நின்று கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுவே. ஜாலிக்கு என்றால் தப்பே இல்லை. காசு கொடுத்து சந்தோஷம் வாங்குகிறோம், முடிந்தது கதை. தொழில் என்று நினைத்தால் கணக்கு வேண்டும். ஜாலியைத் தொழில் என்று நினைத்துக்கொண்டு கடன் வாங்குவதுதான் ஆபத்து.

செலவைக் கட்டிப்போட்ட புத்திசாலிகள்

எல்லாமே சோகக்கதை இல்லை. செலவைக் குறைக்க உலகம் முழுக்க நல்ல யோசனைகள் வந்திருக்கின்றன.

1967-ல் இங்கிலாந்தில் ஃபார்முலா ஃபோர்டு தொடங்கியது. சாதாரண ஃபோர்டு கார் எஞ்சின், ரோட்டு டயர், விலை ஆயிரம் பவுண்டுக்குள் என்பதுதான் யோசனை. எத்தனையோ ஃபார்முலா 1 ஓட்டுநர்கள் அந்தப் படியில் ஏறி வந்தவர்கள்.

அமெரிக்காவில் 2006-ல் 'லெமன்ஸ் 24 மணி' என்று ஒன்று தொடங்கினார்கள். லே மான் பந்தயத்தைக் கிண்டல் செய்யும் பெயர். காரின் மதிப்பு 500 டாலரைத் தாண்டக் கூடாது. பாதுகாப்புச் சாமானுக்கு மட்டும் விதிவிலக்கு. ஓட்டைக் காருக்குள் அதைவிட விலை அதிகமான சீட்டும் கூண்டும் இருக்கும்! நாலைந்து நண்பர்கள் பங்கு போட்டு ஒரு வார இறுதி முழுக்க ஓட்டுவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் சின்ன ஓவல் டிராக்குகளில் உள்ள ஒரு விதி. ஜெயித்தவனின் எஞ்சினை, தோற்றவன் முன்பே குறித்த விலைக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மறுக்க முடியாது. அந்த விலையைவிடப் பத்து மடங்கு செலவழித்து எஞ்சின் கட்டுவானா எவனாவது? பக்கம் பக்கமாக விதிமுறை எழுதாமல், வியாபார புத்தியாலேயே செலவை அடக்கிவிட்டார்கள்.

இதையெல்லாம் கவனித்தால் ஒன்று புரியும். செலவைக் குறைக்கும் அதிகாரம் அணியிடம் இல்லை, போட்டியை நடத்துபவரிடம்தான் இருக்கிறது. விதி தளர்வாக இருந்தால், பக்கத்து அணி செலவழிக்கும்போது நானும் செலவழித்தே ஆக வேண்டும்.

நம்ம பசங்களுக்கு

என் வகுப்பில் ஒருவன் இரண்டு நாள் ரேஸிங் பயிற்சிக்குப் போய் வந்தான். நேரம் நன்றாக வந்ததாம். "அடுத்த வருஷம் முழு சீசன் ஓட்டு, ஸ்பான்ஸர் தானா வருவான்" என்று அங்கே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைக்கலாமா என்று அவன் அப்பா யோசிக்கும் அளவுக்குப் போய்விட்டது. நான் அவனிடம் நாலு கேள்வி எழுதிக் கொடுத்தேன்.

1. சீசன் கட்டணத்தில் டயர், டெஸ்டிங், நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்தியா? எத்தனை செட் டயர்?
2. காரை இடித்தால் நான் அதிகபட்சம் எவ்வளவு கட்ட வேண்டும்?
3. பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்ப வரும்?
4. கடந்த மூன்று ஆண்டில் உங்களிடம் காசு கட்டி ஓட்டியவர்களில் எத்தனை பேருக்கு வெளி ஸ்பான்ஸர் கிடைத்தது?

பதிலை எழுத்தில் வாங்கி வா என்றேன். வாயால் நிறைய வந்தது, எழுத்தில் எதுவும் வரவில்லை. பத்திரம் பீரோவிலேயே இருக்கிறது. அவன் மட்டும் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை.

அந்த நாலாவது கேள்விதான் முக்கியம். ஸ்பான்ஸர் வருவான் என்று சொல்லி சீட் விற்பதற்கும், மெடிக்கல் சீட் கிடைக்கும் என்று சொல்லி கோச்சிங் விற்பதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் ஜெயித்தவன் படம் மட்டும் பேனரில் இருக்கும்.

அப்படியென்றால் காசில்லாதவனுக்கு ரேஸே கிடையாதா என்று கோபமாகக் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நிசானும் பிளேஸ்டேஷனும் சேர்ந்து 2008-ல் ஜி.டி. அகாடமி என்று தொடங்கினார்கள். வீடியோ கேமில் ஜெயித்தவனை நிஜக் காரில் உட்காரவைத்தார்கள். அதில் 2011-ல் ஜெயித்த ஜான் மார்டன்பரோ, 2013-ல் லே மான் போய்த் தன் பிரிவில் மூன்றாம் இடம் வந்தார். திறமை எங்கே வேண்டுமானாலும் இருக்கும் என்பதற்கு அவர் சாட்சி. அதே நேரம், அந்தச் செலவு ஒரு கம்பெனியின் விளம்பரக் கணக்கிலிருந்து வந்தது. கம்பெனிக்கு அலுத்ததும் 2016-க்குப் பிறகு நின்றது. ஏணி யாருடையது என்பதை மறக்கக் கூடாது.

எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒன்று நம் கல்லூரிகளிலேயே இருக்கிறது. ஃபார்முலா ஸ்டூடன்ட் போட்டிகள். கோவை கரி டிராக்கில் ஃபார்முலா பாரத் நடக்கிறது. மொத்தம் 1000 மதிப்பெண்ணில், கார் ஓடாமலே கிடைப்பது 325. வடிவமைப்புக்கு 150, செலவுக் கணக்குக்கு 100, வியாபாரத் திட்டத்தை விளக்குவதற்கு 75. நம்ம பசங்க வெல்டிங் அடிக்க ஓடி வருவார்கள். செலவு அறிக்கை எழுது என்றால் பாத்ரூம் போய்விடுவார்கள் :-) உண்மையில் அந்த 175 மதிப்பெண்தான் ரேஸிங்கில் பிழைக்கக் கற்றுத் தருகிறது. ஒவ்வொரு நட்டு போல்ட்டுக்கும் விலை போட்டவனை எந்த அணி முதலாளியும் ஏமாற்ற முடியாது. நாளைக்கு அவனே அணி முதலாளி ஆகலாம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஓட்டுபவர் காசு கொடுக்கும் அதே ஷெட்டில், மெக்கானிக்கும், டேட்டா பார்க்கும் இன்ஜினியரும், கணக்கெழுதும் மேனேஜரும் காசு வாங்குகிறார்கள். ரேஸிங்கை நேசிக்கும் நடுத்தர வீட்டுப் பிள்ளைக்கு ஸ்டீயரிங்கைவிட ஸ்பேனர் நல்ல வாசல்.

போட்டி நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு சீசனின் முழுச் செலவையும், விபத்துச் செலவின் உச்சவரம்பையும் வெளிப்படையாக அச்சிட்டுக் கொடுங்கள். ஹோட்டலில் இட்லிக்கே விலைப்பட்டியல் இருக்கிறது. லட்சக்கணக்கில் வாங்கும் தொழிலுக்கு இருக்கக் கூடாதா? விலை தெரிந்தால் ஆள் குறைவார்கள் என்று பயப்படாதீர்கள். பாதியில் ஓடிப்போய் ஊரெல்லாம் திட்டுபவர்கள்தான் குறைவார்கள்.

ரேஸ் ஓட்டுவது தப்பில்லை. காசு கொடுத்து ஓட்டுவதும் தப்பில்லை. ஆனால் நீங்கள் வாங்குபவரா, விற்பவரா என்று தெரியாமல் எந்தக் கடைக்குள்ளும் நுழையாதீர்கள்.